இறக்கைக்குள் ஒரு தண்டவாளம்

பொங்கல் விழா முடிந்து பாத்திரங்களை டெம்போவில் ஏற்றிக்கொண்டிருந்தபோது டோம்பிவிலி நண்பரின் மகன் ஒரு வரைபடச் சுருளோடு வந்து நின்றான். "அங்கிள், இரண்டு பேர் உட்காரும் விமானம் நானே கட்டப் போறேன். பாருங்களேன்." காந்திவிலியில் அமோல் யாதவ் என்ற விமானி மொட்டை மாடியில் ஆறு இருக்கை விமானம் கட்டி, 2016-இல் மும்பைக் கண்காட்சியில் வைத்த கதையைப் படித்ததிலிருந்து அவனுக்கு இந்த ஆசை. அவன் அம்மாவுக்கோ அன்றிலிருந்து தூக்கமில்லை.

நான் டிப்ளமா படித்து, தண்டவாளத்தோடு ஆயுளைக் கழித்தவன். விமானத்தில் பயணம் செய்ததோடு சரி. ஆனாலும் இறக்கைக்குள் நீளவாட்டில் ஓடும் உத்தரத்தைப் பார்த்ததும் பழகிய முகமாகத் தெரிந்தது. ஸ்பார் என்கிறார்கள்.

தண்டவாளத்தைக் குறுக்கே அறுத்தால் மேலே தலை, நடுவில் மெல்லிய உடல், கீழே பாதம். வளைவைத் தாங்குபவை பெரும்பாலும் தலையும் பாதமும்தான். நடு உடல் அவற்றைப் பிரித்துப் பிடித்து, ஒன்றையொன்று தாண்டி நழுவாமல் பார்த்துக்கொள்கிறது. ஸ்பாரிலும் அதே ஏற்பாடு. பறக்கும்போது இறக்கை மேல்நோக்கி வளையும். மேல் பட்டை நசுங்கப் பார்க்கும், கீழ்ப் பட்டை இழுபடும்.

கணக்கைப் பாருங்கள். விமானம் 500 கிலோ. 3.8 மடங்கு சுமை தாங்க வேண்டுமென்றால் 1900 கிலோ, பக்கத்துக்கு 950. அது வேரிலிருந்து 1.75 மீட்டரில் விழுவதாகக் கொண்டால், சுமையைத் தூரத்தால் பெருக்க, சுமார் 1660 கிலோ மீட்டர். பட்டைகளுக்கு நடுவே இடைவெளி 15 செ.மீ. என்றால் ஒவ்வொரு பட்டையிலும் 11 டன்! இடைவெளியை 20 ஆக்கினால் 8.3 டன்தான். எனவே உயரமே பலம்.

அவன் தேர்ந்தது ஸ்ப்ரூஸ் மரம். 1903-இல் ரைட் சகோதரர்கள் பயன்படுத்தியதும் அதுதான். மரம் இழுவிசையைவிட நசுக்கும் விசைக்குச் சீக்கிரம் தோற்கும். அதனால் மேல் பட்டை தடிமனாக இருக்க வேண்டும். நார் ஓட்டம் 15-க்கு 1 என்ற சரிவைத் தாண்டக்கூடாது. ஒட்டுப் போட்டால் 12-க்கு 1 என்று நீளமாகச் சீவி ஒட்ட வேண்டும்.

இதெல்லாம் சரியாகவே போட்டிருந்தான். ஆனால் வேருக்குப் பக்கத்தில், கீழ்ப் பட்டையில், பெட்ரோல் குழாய்க்காக ஒரு துளை!

ஒரு டிசம்பர் விடியற்காலையில் பாதத்தில் இருந்த சின்னக் கீறலிலிருந்து தண்டவாளம் இரண்டாகப் பிளந்ததைப் பார்த்தவன் நான். ரோந்து போன கேங்மேன் சிவப்பு விளக்கைக் காட்டியிருக்காவிட்டால் என்ன ஆகியிருக்குமோ! இணைப்பு போல்ட்டுக்குக் கூட நாங்கள் நடு உடலில்தான் துளைப்போம். அந்தத் துளைகளிலிருந்தே நட்சத்திரம் போல வெடிப்பு கிளம்பும்.

"குழாயை ஸ்பாருக்கு முன்னாலேயே கொண்டு போ, தம்பி" என்றேன். அங்கேயே ரப்பரால் அழித்தான்.

முதல் ஸ்பாரை உடைப்பதற்கென்றே செய்யச் சொல்லியிருக்கிறேன். தலைகீழாகக் கட்டி மணல் மூட்டை அடுக்க வேண்டும். 1.5 மடங்கு பாதுகாப்புச் சேர்த்தால் பக்கத்துக்கு 25 கிலோ மூட்டை 57. எண்ணுவதற்கு நான் வருகிறேன் என்றேன். அவன் அம்மாவும் வருவதாகச் சொன்னார்.