எடையைக் குறை, எலும்பை விட்டுடாதே

மூணு மாசத்துல பத்து கிலோ குறைக்கப் போறேன்னு சொன்னியே, தாராளமா குறைடா தங்கம். ஆனா ராத்திரிச் சாப்பாட்டை அடியோட நிறுத்திட்டு, காலையில வாக்கிங் மட்டும் போதும்னு நீ போட்டிருக்கிற திட்டம் எனக்குப் பிடிக்கலை. அப்படிக் குறைச்சா கொழுப்போட எலும்பும் சேர்ந்து கரையும்.

இடுப்புல தொங்கற கொழுப்பு சும்மா இருக்கிறதில்லை, ஹார்மோன் சுரக்குது. அதுல ஒண்ணு லெப்டின், 1994-ல கண்டுபிடிச்சாங்க. கொழுப்பு சட்டுனு குறைஞ்சா லெப்டினும் இறங்கும். அரிசி டப்பா காலின்னு மூளைக்குச் சேதி போன மாதிரி. மூளை உடனே செலவைச் சுருக்கும், முதல்ல கை வைக்கிறது கர்ப்பப்பை சமாச்சாரத்துல. ஈஸ்ட்ரோஜன் குறையும், பீரியட்ஸ் தள்ளிப்போகும். எலும்பு அரிக்காம காக்கிறதே அந்த ஈஸ்ட்ரோஜன்தான். அதனால டயட்ல இருக்கும்போது பீரியட்ஸ் நின்னா, தொல்லை விட்டுதுன்னு இருந்துடாதே, டாக்டரைப் பாரு.

அம்மாவுக்குக் கணக்கே வேற. மெனோபாஸுக்கு அப்புறம் உடம்புல மிஞ்சற ஈஸ்ட்ரோஜன்ல பெரும்பங்கு கொழுப்புலதான் தயாராகுது. முட்டிவலிக்காக அவங்க இளைச்சா அதுவும் குறையும். போதாக்குறைக்கு, எலும்பு தாங்கற பாரம் குறைஞ்சா எலும்புக்குள்ள இருக்கிற செல்கள் ஸ்கிளிரோஸ்டினை அதிகமா விடும். அது புது எலும்பு கட்டறதைத் தடுக்கும்.

அமெரிக்காவுல 65 வயசு தாண்டின, பருமனானவங்களை வெச்சு ஒரு வருஷம் பார்த்தாங்க, 2011-ல முடிவு வந்தது. டயட் மட்டும் இருந்தவங்களுக்கு இடுப்பெலும்பு அடர்த்தி 2.6 சதவீதம் குறைஞ்சுபோச்சு. கூடவே உடற்பயிற்சியும் செஞ்சவங்களுக்கு 1.1 சதவீதம்தான். எடை என்னவோ ரெண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே அளவு குறைஞ்சுது! 2017-ல வந்த இன்னொரு ஆய்வு உன் வாக்கிங் திட்டத்துக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு: டயட்டோட நடை மாதிரி ஏரோபிக் மட்டும் செஞ்சவங்களுக்கு 3 சதவீதம் போச்சு, எடை தூக்கினவங்களுக்கு அரை சதவீதம்தான்.

அதனால வாக்கிங்கை விடாதே, ஆனா வாரத்துல ரெண்டு மூணு நாள் எடை தூக்கு. ஜிம்முக்குப் பணம் கட்டணும்னு இல்லை. கையைப் பிடிக்காம நாற்காலியில உட்கார்ந்து எழுந்திரு. அது லேசாயிட்டா ரெண்டு கையிலயும் ஒரு லிட்டர் தண்ணி பாட்டில் பிடிச்சுக்கோ. அதுவும் லேசாயிட்டா இன்னும் கூட்டு. பாரம் ஏறிக்கிட்டே போனாத்தான் எலும்புக்கு உறைக்கும். அம்மாவை மட்டும் பிசியோதெரபிஸ்ட் கிட்டக் காட்டாம குனிஞ்சு எதையும் தூக்க விடாதே.

பத்து கிலோவுக்கு மூணு மாசத்துக்கு மேல ஆனாலும் பரவாயில்லை, வாரத்துக்கு அரை கிலோ இறங்கினாலே நல்ல வேகம். சோத்தைக் குறைச்சுக்கோ, பருப்பு, முட்டை, தயிர்ல கை வைக்காதே. கால்சியம் ஒரு நாளைக்கு 1000 மில்லிகிராம் வேணும். 100 கிராம் கேழ்வரகுலயே சுமார் 350 இருக்கு. ஒருவேளை டாக்டர் கால்சியம் மாத்திரை எழுதிக் கொடுத்தா, நீ போடற இரும்புச்சத்து மாத்திரையோட சேர்த்து முழுங்காதே. கால்சியம் இரும்பை உடம்புல சேரவிடாது. ஒண்ணைக் காலையில போட்டா இன்னொண்ணை ராத்திரி போடு.