சர்வர் படுத்தா முதல்ல யாருக்கு போன்?

தம்பி, உன் பனியன் கம்பெனி ஆபீஸ் மாதிரி 15, 20 பேர் இருக்கிற இடத்துக்கு ‘இன்சிடென்ட் ரெஸ்பான்ஸ் பிளான்’னு 80 பக்க ஃபைல் எல்லாம் வேண்டாம். ஒரு ஏ4 தாள் போதும். பிரிண்ட் எடுத்து அக்கவுண்ட்ஸ் மேஜைக்கு மேலே ஒட்டிடு. கம்ப்யூட்டருக்குள்ளயே வெச்சிருந்தா, அது பூட்டிக்கிட்ட அன்னிக்கு எதைப் பார்த்துப் படிப்பே?

தாள்ல முதல்ல பேரும் நம்பரும்: முடிவெடுக்கிறது யார், அவர் ஊர்ல இல்லேன்னா யார், நெட்வொர்க் பார்க்கிற ஆள், பேங்க் மேனேஜர். பணம் போயிருந்தா உடனே சைபர் மோசடி ஹெல்ப்லைன் 1930.

அடுத்தது, வயரைப் பிடுங்க யாருக்கு உரிமை? ராத்திரி எட்டு மணிக்கு, கணக்கு எழுதுற டாலி சாஃப்ட்வேர் திறக்கலைன்னு வை. ஃபைல் பேருக்கெல்லாம் பின்னாடி புதுசா ஒரு வால். டெஸ்க்டாப்புல பணம் கேட்டு ஒரு நோட்பேட். முதலாளி திட்டுவாரோன்னு அக்கவுண்ட்ஸ் பார்க்கிற பொண்ணு விடியற வரைக்கும் சும்மா இருந்தா, பக்கத்து மெஷினெல்லாம் போயிடும். “யார் பார்த்தாலும் லேன் கேபிளை உருவு, வைஃபையை அணை, யாரையும் கேட்க வேண்டாம்”னு எழுதி, கீழே உன் கையெழுத்தைப் போடு. மெஷினை மட்டும் ஆஃப் பண்ணக் கூடாது. மெமரியில இருக்கிற தடயம் அழிஞ்சிடும். ஃபார்மேட்டும் கூடாது. நம்ம சர்வீஸ் ஆளுங்களுக்குக் கை துறுதுறுக்கும், வந்ததும் விண்டோஸைப் புதுசா ஏத்திடுவாங்க. தடுத்து நிறுத்து. ஸ்கிரீனை போட்டோ எடுத்து, மணியையும் குறிச்சு வை.

மணி எதுக்குன்னா, மத்திய அரசோட சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல்ல போட்ட உத்தரவுப்படி இந்த மாதிரி தாக்குதல் தெரிஞ்ச 6 மணி நேரத்துக்குள்ள அவங்களுக்குச் சொல்லணும். சின்ன கம்பெனிக்கும் விலக்கு இல்லை. சர்வர், ஃபயர்வால் லாக்கை 180 நாள் வெச்சிருக்கணும்.

மெயிலை யாராவது பிடிச்சுட்டா பாஸ்வேர்டு மாத்துறதோட நிக்காதே. செட்டிங்ஸ்ல ஃபார்வர்டிங், ஃபில்டர் ரெண்டையும் பாரு. ‘இன்வாய்ஸ்’னு வர்றதையெல்லாம் தன் பக்கம் திருப்பி வெச்சிருப்பான். “எங்க பேங்க் அக்கவுண்ட் மாறலை”ன்னு பையருக்கு போன்ல சொல்லு. மெயில்ல சொன்னா அதையும் அவன்தான் படிப்பான்.

பேக்கப் ஹார்டு டிஸ்க்கை எப்பவும் சொருகியே வைக்காதே, சேர்ந்து போயிடும். மாசம் ஒரு தடவை அதுலேர்ந்து ஏதாவது ஒரு ஃபைலை எடுத்துத் திறந்து பாரு. அன்னிக்கே தாளையும் எடுத்து, வேலையை விட்டுப் போனவங்க நம்பரை அடிச்சுட்டுப் புதுசை எழுது.