வட்டி கேட்கும் நிரல்

கேள்வி: சென்னையில் மென்பொருள் வேலை பார்க்கும் என் மகள், "டெக்னிகல் டெப்ட் அடைக்கவே நேரம் சரியாக இருக்கிறது" என்கிறாள். கம்பெனிக்கு யாரிடம் கடன்? அஜைல் பயிற்சி கொடுத்தால் தீர்ந்துவிடுமா?
– வாசகர், பைல் நாடு, கொல்லிமலை

பதில்: நாளைய தன்னிடமே கம்பெனி வாங்கிய கடன் அது. உங்கள் மலையையே பாருங்கள். சாமையும் தினையும் கேழ்வரகும் விளைந்த காடுகளில் மரவள்ளி ஏறியது. கையில் காசு வந்தது. மண்ணுக்குத் திருப்பித் தராமல் வருடா வருடம் அதையே நட்டால், உரச் செலவு கூடிக்கொண்டே போகும். அதுதான் வட்டி.

நிரலுக்குக் கடன் என்ற உவமையை 1992-இல் சொன்னவர் அமெரிக்க நிரலாளர் வார்ட் கன்னிங்ஹாம். கடன் வாங்குவதே தப்பு என்று அவர் சொல்லவில்லை. முதல் தடவை எழுதிய நிரலைப் பிறகு திருத்தி எழுதாமல் விடுவதுதான் ஆபத்து என்றார். கணினியில் இடத்தை மிச்சம் பிடிக்க ஆண்டை இரண்டே இலக்கத்தில் எழுதிவைத்த பழைய நிரல்கள், 2000 நெருங்கியபோது வட்டியும் முதலுமாக வந்து நின்றன. அதைச் சரிசெய்து கொடுத்தே இந்திய நிறுவனங்கள் பல வளர்ந்தன.

மென்பொருளைச் சிறு சிறு கட்டங்களாக உருவாக்கும் அஜைல் முறையின் அறிக்கையில் 2001-இல் கையெழுத்திட்ட 17 பேரில் கன்னிங்ஹாமும் ஒருவர். தொழில்நுட்ப நேர்த்தியில் இடைவிடாத கவனம் வேண்டும் என்பது அதன் கொள்கைகளில் ஒன்று. பயிற்சியில் அதை விட்டுவிட்டு, தினசரிக் கூட்டத்தையும் இரண்டு வாரக் கெடுவையும் மட்டும் கற்றுக்கொண்டால் கடன் வேகமாக ஏறும். ஒவ்வொரு கெடுவிலும் சோதனைக்கும் சீரமைப்புக்கும் நேரம் ஒதுக்கினால்தான் குறையும்.

உங்கள் மலைப் பாதையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி ஓட்டுபவருக்கு இது தெரியும்: பிரேக்கைப் பார்க்க நிற்கும் பத்து நிமிடம் வீண் அல்ல.