உயிர் அறிவியல் மாணவர்களுக்கு...

ஆய்வுக் கட்டுரையை முதல் வரியிலிருந்து வரிசையாகப் படிக்காதீர்கள். சுருக்கத்தைப் பார்த்துவிட்டு நேரே வரைபடங்களுக்குப் போங்கள். எதை எதோடு ஒப்பிட்டார்கள், எத்தனை மாதிரிகள் என்று ஓரத்தில் குறியுங்கள். கன்ட்ரோல் எது என்று பிடிபட்டால் பாதிக் கட்டுரை புரிந்த மாதிரிதான். தேடுவதற்கு பப்மெட் இலவசம். முழுக் கட்டுரைகளுக்கு பப்மெட் சென்ட்ரல். பயோஆர்கைவில் வருபவை சக ஆய்வாளர்களின் மதிப்பீட்டுக்கு முந்தையவை, உஷார்!

லேப் நோட்டில் பேனாவால் எழுதுங்கள். பிழையை ஒரே கோட்டால் அடியுங்கள். ஒயிட்னர் வேண்டவே வேண்டாம். தேதி, ரசாயனத்தின் லாட் எண், இன்குபேட்டர் வெப்பநிலை எல்லாம் அன்றன்றைக்கே ஏற வேண்டும். சொதப்பிய சோதனையைத்தான் இன்னும் விரிவாக எழுத வேண்டும். ஜெல்லில் பேண்டு வராத நாளின் குறிப்பு, காரணம் தேடும்போது கைகொடுக்கும்.

உங்கள் புராஜெக்டை பிசிஆர் என்ற சொல்லே வராமல் அம்மாவிடம் விளக்கிப் பாருங்கள். அவர் மடக்கிக் கேட்கும் இடத்தில்தான் செமினாரிலும் தடுமாறுவீர்கள். ஸ்லைடின் தலைப்பில் ‘முடிவுகள்’ என்று போடாமல் முடிவையே எழுதுங்கள்.

இந்தியாவின் மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து தரும் கோடைகால ஆய்வு ஃபெலோஷிப்புக்கு, முந்தைய ஆண்டின் கடைசி மாதங்களிலேயே விண்ணப்ப அறிவிப்பைத் தேடத் தொடங்குங்கள்.