பனிமூட்ட வீட்டுக்கு எந்தப் பச்சை?

கேள்வி: தோட்டத்தில் ஏழு பேர்ச் காணியில் கட்டும் வீடு முடியப் போகிறது. கனடாவிலிருக்கும் அண்ணா ஷேர்வின்-வில்லியம்ஸ் வர்ண அட்டை அனுப்பியிருக்கிறார். 'சீ சால்ட்', 'கம்ஃபர்ட் கிரே' இரண்டுமே சாம்பல் கலந்த பச்சை. எனக்கு ஒன்றாகவே தெரிகின்றன. ஹோலுக்கு எதை அடிக்கலாம்? ஒரே ஜன்னல், தேயிலை மலையைப் பார்த்தது. தரை சிவப்பு சீமெந்து.
– வாசகி, ஹட்டன்

பதில்: சகோதரி, சீ சால்ட்டை அடியுங்கள்.

இரண்டு நிறமும் 6204, 6205 என்று அடுத்தடுத்த இலக்கங்கள். ஒன்றாகத் தெரிவதில் வியப்பில்லை. சீ சால்ட் தன்மேல் விழும் வெளிச்சத்தில் ஏறத்தாழ 63 சதவீதத்தைத் திருப்பித் தரும், மற்றது 54. வெயில் கொட்டும் கொழும்பு வீட்டில் இந்த வித்தியாசம் பெரிய விஷயமில்லை. ஹட்டனில் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை. பனி இறங்கினால் பட்டப்பகலிலேயே பல்ப் போட வேண்டும். அந்த மாதங்களில் ஒற்றை ஜன்னல் ஹோலில் கம்ஃபர்ட் கிரே பச்சையை இழந்து ஈரக் கல்லைப் போல இருண்டு நிற்கும். அதற்குள் உட்கார்ந்திருக்கப் போவது நீங்கள், அண்ணா அல்ல.

சீ சால்ட்டுக்கும் ஒரு குறை உண்டு. மப்பான வெளிச்சத்தில் நீலத்துக்குச் சாய்ந்து குளிரைக் கூட்டும். உங்கள் சிவப்புத் தரை அதைச் சரிக்கட்டும். சிவப்புக்குப் பக்கத்தில் பச்சை இன்னும் பச்சையாகக் கண்ணில் படும். தரையில் பட்டு எழும் வெளிச்சமும் சுவரின் கீழ்ப்பகுதிக்குக் கொஞ்சம் இளஞ்சூடு கொடுக்கும். பல்ப் மட்டும் 3000 கெல்வின் மஞ்சளாகப் பார்த்து வாங்குங்கள். 6500 கெல்வின் வெள்ளை பல்ப் அந்த நீலத்தைத் திரும்பக் கொண்டுவரும்.

அட்டையை நம்பி வாளி வாங்க வேண்டாம். இங்குள்ள கடையில் வேறு கம்பனி பெயின்டில் கலந்து தருவது நெருங்கிய நிறம்தான். சின்ன டின் ஒன்று கலக்கச் சொல்லி, பிரிஸ்டல் போர்டில் இரண்டு கோட் அடித்து, காய்ந்ததும் சுவர் சுவராக மாற்றி ஒட்டிப் பாருங்கள்: காலையில், பனி மூடியபோது, இரவு பல்ப் வெளிச்சத்தில். இரண்டு நிறத்தையும் பார்ப்பதானால் பக்கத்துப் பக்கத்தில் வைக்காதீர்கள். ஒன்று மற்றதை மாற்றிக் காட்டும்.

நிறத்தைவிட எனக்குக் கவலை ஈரம். புதுச் சீமெந்துப் பூச்சு காய 28 நாள் என்பார்கள். மலைநாட்டு மழையில் அது போதாது. பொலித்தீன் துண்டொன்றைச் சுவரில் நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, மறுநாள் பாருங்கள். உள்ளே நீர் துளிர்த்திருந்தால் பெயின்ட் டின்னைத் திறக்கவே கூடாது. எவ்வளவு விலை கொடுத்த நிறத்தையும் பூஞ்சணம் கறுப்பாக்கிவிடும். பெப்ரவரி, மார்ச் வரை பொறுக்க முடிந்தால் பொறுங்கள்.