சராசரி போதுமா? தொலைத்தொடர்புக் கொள்ளளவும் ஒரு கணித வகுப்பும்

புள்ளியியல் பாடம் நடத்தும்போது சராசரியைக் கண்டுபிடிக்கக் கற்றுக்கொடுக்கிறோம். மாணவர்களும் கூட்டி, வகுத்து, விடையைச் சரியாகச் சொல்லிவிடுகிறார்கள். ஆனால் சராசரியை எந்த இடத்தில் நம்பலாம், எந்த இடத்தில் நம்பக்கூடாது என்று பேசுவதற்கு வகுப்பில் நேரம் கிடைப்பதில்லை. அதைப் பேச ஏற்ற ஒரு பொருள் கைபேசி. ஒரு ஊருக்கு எத்தனை தொலைபேசி இணைப்புகள் வேண்டும், எவ்வளவு வேகமான இணையம் வேண்டும் என்று பொறியாளர்கள் எப்படி முடிவு செய்கிறார்கள்? இந்தக் கேள்வியை வைத்து நான்கு பாடவேளைகளில் நான் செய்து பார்த்த செயல்பாடுகளை இங்கே பகிர்ந்துகொள்கிறேன். எட்டாம் வகுப்பின் கூட்டு வட்டியும், ஒன்பது, பத்தாம் வகுப்புகளின் புள்ளியியலும் நிகழ்தகவும் இதில் சேர்ந்தே வருகின்றன.

முதல் பாடவேளை: குழாயடிக் கணக்கு

வலையமைப்பு கண்ணுக்குத் தெரியாது. எனவே கண்ணுக்குத் தெரியும் ஒன்றிலிருந்து தொடங்கினேன். எங்கள் பள்ளியில் குடிநீர்க் குழாய்கள் 8 உள்ளன. அன்று வேலை செய்தவை 6. ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் மூன்று குழுக்களாகப் பிரிந்து காலை இடைவேளையில் குழாயடியில் நின்றார்கள். ஒரு குழு வருவோரை எண்ணியது. இன்னொரு குழு ஒருவர் தண்ணீர் குடிக்க எத்தனை விநாடி எடுக்கிறார் என்று குறித்தது. மூன்றாவது குழு, மணி அடித்ததும் குடிக்காமல் திரும்பியவர்களை எண்ணியது.

வந்தவர்கள் சுமார் 240 பேர். ஒருவருக்கு ஏறத்தாழ 15 விநாடி. இரண்டையும் பெருக்கினால் 3600 விநாடி, அதாவது 60 நிமிட வேலை. காலை, மதியம், மாலை மூன்று வேளையும் இதே அளவு என்று வைத்துக்கொண்டால் 180 நிமிடம். பள்ளி நடக்கும் நேரம் 420 நிமிடம். 180ஐ 420ஆல் வகுத்தால் 0.43.

"அப்படின்னா அரைக் குழாய்கூட வேண்டாமே டீச்சர்!" என்றான் ஒருவன். வகுப்பே சிரித்தது. சராசரி சொல்லும் விடை அதுதான், கணக்கிலும் பிழை இல்லை. ஆனால் மூன்றாவது குழு எழுதி வந்த எண் 31. தண்ணீர் குடிக்காமல் திரும்பியவர்கள் அத்தனை பேர். பெரும்பாலும் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள். பெரிய மாணவர்களுக்கு இடையில் முண்டியடிக்க அவர்களால் முடியாது.

அடுத்து, அதே 60 நிமிட வேலையை இடைவேளையின் 10 நிமிடத்தால் வகுக்கச் சொன்னேன். விடை 6. ஆறு குழாய்களும் ஒரு விநாடிகூட நிற்காமல் ஓடினால்தான் அந்தப் பத்து நிமிடத்தைச் சமாளிக்க முடியும். பிள்ளைகளோ விநாடிக்கு விநாடி ஒழுங்காக வருவதில்லை, கூட்டமாக வருகிறார்கள். ஆகவே ஆறு போதாது. நாள் முழுவதற்குமான சராசரியை விட்டுவிட்டு, நெரிசலான நேரத்தை எடுத்துக் கணக்கிட வேண்டும். தொலைத்தொடர்புத் துறையில் அதை 'நெரிசல் மணி' என்று சொல்லலாம். ஒரு நாளில் சுமை மிக அதிகமாக இருக்கும் ஒரு மணி நேரம் அது.

இரண்டாம் பாடவேளை: எர்லாங் என்ற ஆசிரியர்

இந்தக் கணக்கை முதலில் ஒழுங்காகச் செய்தவர் டென்மார்க் நாட்டுக் கணித அறிஞர் அக்னர் கிராரப் எர்லாங் (1878–1929). கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தில் கணிதம் படித்துவிட்டுச் சில ஆண்டுகள் பள்ளி ஆசிரியராக இருந்தவர் என்று சொன்னதும் மாணவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். 1908இல் கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் சேர்ந்தார். அழைப்புகள் எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனாலும் அவை வரும் விதத்தில் ஒரு நிகழ்தகவு ஒழுங்கு இருக்கிறது என்பதை 1909இல் காட்டினார். எத்தனை இணைப்புகள் இருந்தால் எத்தனை அழைப்புகள் மறுக்கப்படும் என்பதற்கான சூத்திரத்தை 1917இல் வெளியிட்டார். தொலைபேசிச் சுமையின் அலகுக்கு இன்று அவர் பெயரே வழங்குகிறது.

அலகு எளிமையானது. ஒரு மணி நேரத்தில் 40 அழைப்புகள் வருகின்றன, ஒவ்வொன்றும் 3 நிமிடம் நீடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 120 நிமிடப் பேச்சு. அதை 60ஆல் வகுத்தால் 2 எர்லாங். சராசரியாக எந்த நேரத்திலும் 2 இணைப்புகள் பேச்சில் இருக்கும் என்று பொருள்.

அப்படியானால் 2 இணைப்புகள் போதுமா? எர்லாங்கின் சூத்திரத்தைப் படிப்படியாகவும் செய்யலாம், பின்னங்கள் தெரிந்தால் போதும். இணைப்பே இல்லையென்றால் எல்லா அழைப்பும் மறுக்கப்படும், ஆகவே மறுப்பு விகிதம் 1. இங்கிருந்து தொடங்க வேண்டும். முந்தைய மறுப்பு விகிதத்தைச் சுமையால் பெருக்கித் தொகுதியில் எழுதுக. அதே எண்ணோடு இப்போதைய இணைப்புகளின் எண்ணிக்கையைக் கூட்டிப் பகுதியில் எழுதுக. கிடைப்பது புதிய மறுப்பு விகிதம்.

சுமை 2 எர்லாங் என்றால்:

1 இணைப்பு: 2/3 (67%)
2 இணைப்புகள்: 2/5 (40%)
3 இணைப்புகள்: 4/19 (21%)
4 இணைப்புகள்: 2/21 (9.5%)
5 இணைப்புகள்: 4/109 (3.7%)
6 இணைப்புகள்: 4/331 (1.2%)
7 இணைப்புகள்: 8/2325 (0.3%)

சராசரியை நம்பி 2 இணைப்புகள் வைத்தால் நூற்றுக்கு 40 அழைப்புகள் கிடைக்காது. நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவாக மறுப்பு இருக்க வேண்டுமானால் 7 இணைப்புகள் வேண்டும், அதாவது சராசரியைப் போல மூன்றரை மடங்கு. பின்னங்களைச் சுருக்குவதில் ஆர்வம் காட்டாத மாணவர்கள்கூட இந்தப் பட்டியலைக் கடைசி வரி வரை போட்டார்கள். ஒவ்வொரு வரியிலும் ஒரு பொருள் இருந்ததே காரணம்.

மூன்றாம் பாடவேளை: சேர்ந்தால் மிச்சம்

இந்தப் பாடவேளைக்கான கேள்வி இது: பத்துக் கிராமங்கள் உள்ளன, ஒவ்வொன்றின் சுமையும் 1 எர்லாங். மறுப்பு 1 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். தனித்தனியாக இணைப்பு கொடுத்தால் எத்தனை வேண்டும்? பத்துக்கும் சேர்த்துப் பொதுவாகக் கொடுத்தால் எத்தனை?

முந்தைய முறைப்படி ஒரு கிராமத்துக்கு 5 இணைப்புகள் வேண்டும். பத்துக்கு 50. பத்தையும் ஒன்றாகச் சேர்த்தால் சுமை 10 எர்லாங். இதற்குக் கால்குலேட்டர் உதவியுடன் குழுவாகப் போட்டார்கள். விடை 18. ஐம்பது எங்கே, பதினெட்டு எங்கே!

ஒரு கிராமத்தில் நெரிசலாக இருக்கும் நிமிடத்தில் இன்னொரு கிராமத்தின் இணைப்பு சும்மா இருக்கும். பொதுவாக வைத்தால் அது வீணாகாது. ஒரே கோபுரத்தையும் ஒரே ஒளியிழைக் கம்பியையும் பலர் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாட்டின் அடிப்படை இதுவே. ஒருவர்பின் ஒருவராகப் பயன்படுத்தினால் 100 எம்பிபிஎஸ் முழுவதும் கிடைக்கும். இருபது பேர் ஒரே நேரத்தில் பயன்படுத்தினால் பங்கு 5 எம்பிபிஎஸ்.

இங்கே ஒரு நிபந்தனையைக் கட்டாயம் சொல்ல வேண்டும். அழைப்புகள் ஒன்றையொன்று சாராமல் வர வேண்டும். நிகழ்தகவுப் பாடத்தில் சொல்லும் சார்பற்ற நிகழ்ச்சிகள் இவை. பொதுத்தேர்வு முடிவு வெளியாகும் காலையில் அந்த நிபந்தனை உடைந்துவிடுகிறது. லட்சக்கணக்கானோர் ஒரே நிமிடத்தில் ஒரே பக்கத்தைத் திறக்கிறார்கள். அந்த நேரத்துக்கு இந்தச் சூத்திரம் பொருந்தாது. முடிவுகளைப் பல இணையதளங்களில் வெளியிடுவதும், குறுஞ்செய்தியாக அனுப்புவதும் அந்தச் சுமையைப் பிரிக்க உதவுகின்றன.

நான்காம் பாடவேளை: நேர்கோடும் வளைகோடும்

தொலைபேசியில் இணைப்பு இல்லையென்றால் அழைப்பு மறுக்கப்படும். இணையத்தில் தகவல் பொட்டலங்கள் வரிசையில் காத்திருக்கும். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறதே, அதற்கு இந்தக் காத்திருப்பும் ஒரு காரணம். ஒரே ஒரு வழி, சீரற்ற வருகை என்ற எளிய கணக்கில், வழி காலியாக இருக்கும்போது ஆகும் நேரத்தோடு ஒப்பிட்டால், பாதி நிறைந்திருக்கும்போது 2 மடங்கு நேரம் ஆகும். 80 விழுக்காடு நிறைந்தால் 5 மடங்கு. 90இல் 10 மடங்கு. 95இல் 20 மடங்கு. ஆகவே முழுவதும் நிறையும் வரை காத்திருக்கக் கூடாது.

இப்போது வளர்ச்சிக்கு வருவோம். நம் நாட்டில் கைபேசி இணையச் சந்தாதாரர் ஒருவரின் சராசரி மாதப் பயன்பாடு 2014இல் 100 எம்பிக்கும் குறைவு. 2024இல் சுமார் 20 ஜிபி. பத்தாண்டில் ஏறத்தாழ 200 மடங்கு அல்லது அதற்கும் மேல். "எத்தனை முறை இரட்டிப்பானால் 200 வரும்?" என்று கேட்டேன். 2, 4, 8 என்று விரல்விட்டு எண்ணி, ஏழாவதில் 128, எட்டாவதில் 256 என்றார்கள். 120 மாதத்தில் ஏழெட்டு இரட்டிப்பு. அதாவது 15 முதல் 17 மாதத்துக்கு ஒருமுறை இரட்டிப்பு.

பிறகு ஒரு வரைபடத்தாள் வேலை. ஒரு பள்ளியின் இணைப்பு 100 எம்பிபிஎஸ். நெரிசல் மணியில் இன்றைய பயன்பாடு 40. ஆண்டுக்கு 25 விழுக்காடு வளர்ச்சி. எப்போது போதாமல் போகும்? பாதிப் பேர் முதல் ஆண்டு 10 கூடுகிறது என்று பார்த்து, ஆண்டுதோறும் 10 கூட்டி நேர்கோடு போட்டார்கள். அவர்கள் விடை ஆறு ஆண்டு. மற்றவர்கள் கூட்டு வட்டியாகப் போட்டார்கள்: 50, 62.5, 78, 98, 122. ஐந்தாம் ஆண்டிலேயே 100ஐத் தாண்டுகிறது. 70ஐ எச்சரிக்கைக் கோடாக வைத்தால் மூன்றாம் ஆண்டிலேயே தாண்டிவிடும். அனுமதி பெற்று, பள்ளம் தோண்டி, புதிய கம்பி வர ஓராண்டு ஆகும் என்று வைத்தால், இரண்டாம் ஆண்டு முடிவில், பயன்பாடு 62.5 ஆக இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும். "அப்ப எல்லாம் நல்லாத்தானே ஓடிக்கிட்டிருக்கும், யாரு குடுப்பா?" என்று ஒரு மாணவி கேட்டாள். திட்டமிடுவோர் ஒவ்வொரு ஆண்டும் சந்திக்கும் கேள்வி அதுதான். அதற்குப் பதில் சொல்ல அவள் கையில் இருந்த வளைகோடு போதும் என்றேன்.

கடலுக்கடியில் ஓர் எடுத்துக்காட்டு

சென்னையிலிருந்து அந்தமான் நிக்கோபார் தீவுகளுக்குக் கடலுக்கடியில் ஒளியிழைக் கம்பி போடப்பட்டு, 2020 ஆகஸ்ட் 10இல் தொடங்கிவைக்கப்பட்டது. நீளம் சுமார் 2300 கிலோமீட்டர். அதற்குமுன் தீவுகள் பெரும்பாலும் செயற்கைக்கோள் இணைப்பை நம்பியிருந்தன. தொடங்கியபோது சென்னைக்கும் அன்றைய போர்ட் பிளேருக்கும் இடையே கொள்ளளவு 2 × 200 ஜிபிபிஎஸ்.

ஒரு காணொலிக்கு 2 எம்பிபிஎஸ் என்று வைத்தால், ஒரு 200 ஜிபிபிஎஸ்ஸில் மட்டுமே 1 லட்சம் காணொலிகள் ஒரே நேரத்தில் ஓடலாம். 2011 கணக்கெடுப்பின்படி தீவுகளின் மக்கள்தொகை சுமார் 3.8 லட்சம். "இவ்வளவு எதுக்கு?" என்ற கேள்வி வகுப்பில் உடனே வந்தது. கடலில் ஆண்டுதோறும் கம்பி போட முடியாது என்று இன்னொரு மாணவனே பதில் சொன்னான். ஒளியிழையில் இன்னொரு வசதியும் உண்டு. கம்பியை அப்படியே விட்டு, இரு முனைகளிலும் உள்ள கருவிகளை மாற்றியே கொள்ளளவைக் கூட்டிக்கொள்ள முடியும்.

கூட்ட முடியாதபோது

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது வீட்டிலிருந்து வேலை, வீட்டிலிருந்து படிப்பு என்று சுமை திடீரென ஏறியது. ஒரே வாரத்தில் புதுக் கம்பி போட முடியாது. அப்போது காணொலி நிறுவனங்கள் கைபேசியில் படத்தின் தரத்தை 480 அளவுக்குக் குறைத்துக்கொண்டன. கொள்ளளவைக் கூட்ட முடியாத இடத்தில் சுமையைக் குறைக்கலாம், அல்லது நேரம் மாற்றிப் பரப்பலாம்.

இதைப் படித்த மாணவர்கள் தங்கள் குழாயடிக் கணக்கை ஒரு தாளில் எழுதித் தலைமை ஆசிரியரிடம் கொடுத்தார்கள். பழுதான இரண்டு குழாய்களைச் சரிசெய்ய வேண்டும் என்பது ஒரு கோரிக்கை. 6 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்கும் 9, 10ஆம் வகுப்புகளுக்கும் தனித்தனி இடைவேளை வேண்டும் என்பது இன்னொன்று. இரண்டாவதற்குச் செலவே இல்லை. மறுவாரமே நடைமுறைக்கு வந்தது. மீண்டும் எண்ணியபோது குடிக்காமல் திரும்பியவர்கள் 4 பேர்.

ஆசிரியர்களுக்குச் சில குறிப்புகள்

குழாய் இல்லையென்றால் சத்துணவு வரிசை, பேருந்து நிறுத்தம், கணினி ஆய்வகம் என எதையும் எடுத்துக்கொள்ளலாம். மூன்று எண்களை மட்டும் எடுத்தால் போதும்: வந்தவர் எத்தனை, ஒருவருக்கு ஆகும் நேரம் எவ்வளவு, கிடைக்காமல் திரும்பியவர் எத்தனை. மூன்றாவதை விட்டுவிடாதீர்கள். கிடைத்தவர்களை மட்டும் எண்ணினால் எல்லாம் சரியாக இருப்பதாகவே தோன்றும்.

மதிப்பீட்டுக்கு நான் கொடுத்த வினா: "ஓர் ஊரில் ஒரு மணி நேரத்தில் 60 அழைப்புகள், ஒவ்வொன்றும் 3 நிமிடம். மறுப்பு 5 விழுக்காட்டுக்குள் இருக்க எத்தனை இணைப்புகள் வேண்டும்?" சுமை 3 எர்லாங் என்று கண்டுபிடித்துப் பின்னங்களைத் தொடர்ந்தால் ஏழாவது இணைப்பில் விடை கிடைக்கும். "3 போதும்" என்று எழுதும் மாணவருக்குச் சராசரி புரிந்திருக்கிறது. "7 வேண்டும்" என்று எழுதும் மாணவருக்குச் சராசரியின் எல்லையும் புரிந்திருக்கிறது.