எந்தச் சோதனை எவருக்கு?

எசல பெரஹெராவைக் காணத் திரளும் யாத்திரிகர்களுக்குச் சோறு விற்கும் கண்டி நகரத்துச் சாப்பாட்டுக்கடைக்காரரும், சுற்றுக் கிராமங்களில் பால் கறந்து சேகரிப்பு நிலையத்துக்குக் கொடுப்போரும், தம் பண்டத்தில் கிருமி உண்டா இல்லையா என்பதைச் சீக்கிரம் அறிய விரும்புவது நியாயமே. ஆயினும், விரைவுச் சோதனை என்ற பெயரில் விற்கப்படுவன யாவும் ஒரே கேள்விக்கு விடை சொல்வன அல்லவாகையால், எது விரைவானது என்று விசாரிப்பதற்கு முன், நாம் அறிய வேண்டியது எது என்று நிச்சயித்துக்கொள்வதே விவேகம்.

பால்காரருக்கு உகந்தது மெதிலீன் நீலச் சோதனை. 10 மில்லிலீற்றர் பாலில் 1 மில்லிலீற்றர் சாயக் கரைசலைக் கலந்து, குழாயை 37 பாகைச் சூட்டு நீரில் நிறுத்திவைத்தால், பாலிலுள்ள ஒட்சிசனைப் பற்றீரியாக்கள் தீர்க்கத் தீர்க்க, நீலம் அடியிலிருந்து வெளுத்துவந்து, மேற்பரப்பில் மாத்திரம் மெல்லிய வளையமாய் எஞ்சும். அரை மணிக்குள் வெளுத்தால் அந்தப் பால் ஆகாது. 5 மணி தாண்டியும் நிறம் நின்றால் மிக நல்லது. செலவும் அற்பம். ஆனால் குளிரூட்டிய பாலில் பெருகும் பற்றீரியாக்கள் இச்சாயத்தை மெதுவாகவே வெளுப்பதால், அத்தகைய பாலுக்கு இதை மட்டும் நம்பலாகாது. 10 நிமிஷத்தில் உத்தேசமான தீர்ப்பு வேண்டுவோருக்கு றெசாசுரின் சாயம் உண்டு.

கிணற்றையோ மலையூற்றையோ நம்பியிருக்கும் கடைக்காரர், 1982இல் மஞ்சா, மௌரியா, ராவ் என்னும் இந்திய விஞ்ஞானிகள் பிரசுரித்த காகிதப் பட்டைச் சோதனையை நாடலாம். அந்தப் பட்டையிட்ட போத்தலில் நீரை விட்டு வைக்க, நீர் கறுத்தால் மலக்கலப்புச் சந்தேகம். கண்டியின் இராக் குளிரில் நிறமாற்றம் தாமதிக்குமாகையால், ஒரு நாளில் கறுக்கவில்லை என்று திருப்திப்பட்டுவிடாமல், வெதுவெதுப்பான இடத்தில் வைத்து மறுநாளும் பார்ப்பது நலம்.

வெட்டுப்பலகையும் கத்தியும் சுத்தமா என்றறிய, பஞ்சுக் குச்சியால் துடைத்து ஒளியளவி என்னும் கருவியில் வைக்கும் ஏரீபீ சோதனை சில விநாடிகளில் எண்ணைக் காட்டும். எனினும், பற்றீரியாவிலும் உணவுத் துணுக்கிலும் ஒருங்கே இருக்கும் பொருளையே அது அளப்பதால், கழுவியது சரியா என்பதைச் சொல்லுமேயன்றி, எந்த நோய்க்கிருமி இருக்கிறது என்பதைச் சொல்லாது. கருவியின் விலையும் சிறு கடைக்குச் சுமை.

சமைத்த உணவில் ஈகோலியை எண்ண வேண்டுமானால், ஊடகம் பூசிய உலர்படலத்தில் உணவைக் கரைத்த கரைசலை ஊற்றி, 24 முதல் 48 மணி வரை அடைவைத்து, வாயுக் குமிழோடு கூடிய நீலப் புள்ளிகளைக் கணக்கிடலாம். சல்மனெல்லாவுக்கான பட்டை கால் மணியில் கோடு காட்டுவது மெய். ஆயின் அதற்கு முன் உணவை ஊடகத்தில் ஏறக்குறைய ஒரு நாள் ஊறவைத்துக் கிருமியைப் பெருகச் செய்தாக வேண்டும் என்பதை விளம்பரங்கள் உரத்துச் சொல்வதில்லை. முதல் நாள் மிஞ்சிய சோற்றை வெளியே விட்டு, மறுநாள் பிறைட் றைஸ் ஆக்குவோரை அலைக்கழிக்கும் பசில்லஸ் சீரியஸ் அந்தப் பட்டைக்கு அகப்படாது. அது விட்ட நஞ்சோ வறுத்தாலும் அழியாது.

ஆகவே, கறந்த பாலுக்குச் சாயம், நீருக்குக் காகிதப் பட்டை, பெரிய சமையற்கூடத்தின் தினசரிச் சுத்தத்துக்கு ஒளியளவி, பொதிசெய்து விற்போருக்கு உலர்படலம் என்பதே எமது தீர்ப்பு. உண்டவர் நோயுற்ற இடத்திலோ இவற்றில் எதுவும் போதாது. 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டத்தின் கீழ் அங்கீகாரம் பெற்ற பகுப்பாய்வாளரின் அறிக்கையே செல்லுபடியாகுமாதலால், மிஞ்சிய உணவைக் குளிரில் பாதுகாத்து, உடனே பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு அறிவியுங்கள். எந்தச் சோதனைக்கும் வசதியற்றவர், நன்கு வேகவைத்த உணவை 60 பாகைக்கு மேலோ 5 பாகைக்குக் கீழோ வைத்திருக்கும் நியமத்தை ஒரு நாளும் தவறவிடாதிருப்பாராக.